சுற்றிப் போகிறவர்கள்

மாலை ஐந்து மணிக்கு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள் அவள். நடைபாதை விளிம்பில் இருபத்தைந்து மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மஞ்சள் கோடுகள். அந்த இரண்டுக்கும் நடுவே யார் சாலையைக் கடந்தாலும், எதிர்ப்பக்கம் இரண்டு காலும் ஏறிய பிறகு, கையிலிருந்த சின்னக் கருவியை ஒரு தடவை அழுத்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் நூறு பேர் கடந்தால் அந்த இடத்தில் சிக்னல் வைப்பார்கள். ஒன்று குறைந்தாலும் கிடையாது.

மூன்று வருடங்களுக்கு முன்னால், சாலையை ஆறு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்தபோதும் இதே இடத்தில் உட்கார்ந்து எண்ணியவள் அவள்தான். அன்றைக்கு எண்பத்தெட்டு. சலவைக்கூடத்து வாசலுக்கு நேரே, கோட்டுக்கு வெளியே நாலடி தள்ளி, இன்னும் இருபது பேராவது கடந்தார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய அண்ணன்.

"ஏய் ஸ்கேல், என்னை எண்ணிட்டியா?" என்று நடுச்சாலையிலிருந்தே கத்தினான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர்தான். கோடு போடாமல் ஒரு பக்கமும் எழுத மாட்டாள் என்பதால் அவன் வைத்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு மஞ்சள் கோட்டைக் காட்டினாள். "கூடப்பிறந்தவன்னுகூடப் பார்க்க மாட்டியா?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

எண்பத்தெட்டு போதவில்லை. நடுவில் நெஞ்சு உயரத்துக்கு இரும்பு வேலி வந்தது. பதினான்கு மாதம் கழித்து ஒரு நாள் அந்த வேலியைத் தாண்டிக் குதித்த அண்ணன் வீடு போய்ச் சேரவில்லை.

அவள் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. எண்ணிக்கைத் தாளில் இருந்த விதிப்படிதான் செய்தாள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தப்புச் செய்திருந்தால் ஒப்புக்கொண்டு அழுது தீர்க்கலாம். சரியாகச் செய்ததற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

இப்போது மறுபடியும் எண்ணச் சொல்லியிருந்தார்கள். போன மாதம் ஒரு லாரி மோதி, வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் வழியாக ஜனங்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். நூறு வந்தால் சிக்னல். வராவிட்டால் திங்கட்கிழமை வேலியைப் பற்றவைத்து அடைத்துவிடுவார்கள்.

ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது சலவைக்கூடத்தில் வேலை விட்டது. ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்துச் சிவந்த கைகளோடு பெண்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் அண்ணியும் இருந்தாள். வீடு என்னவோ நேர் எதிர்ப்பக்கம்தான். ஆனால் அண்ணன் போன நாளிலிருந்து அண்ணி இந்தச் சாலையில் கால் வைத்ததில்லை. பாலம் வரை இருபது நிமிடம் நடந்து, அடியில் புகுந்து, இன்னொரு இருபது நிமிடம் திரும்பி நடப்பாள்.

நாற்காலியருகே வந்ததும் அண்ணி நின்றாள்.

"என்ன ஸ்கேல், மறுபடியும் உன்னையேதான் உட்கார வச்சிருக்காங்களா?"

"ஆமா அண்ணி."

"எங்ககிட்ட ஒரு போர்வை குறைஞ்சா கேட்டைப் பூட்டிட்டுத் தேடுவாங்க. உங்ககிட்ட ஆள் குறைஞ்சா?"

கிண்டலா, குத்தலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனை நாள் அடக்கிவைத்ததைச் சொல்லிவிட்டாள்.

"அன்னைக்கு அண்ணனும் கடந்துச்சு, அண்ணி. கோட்டுக்கு வெளியே. நான் எண்ணலை."

"தெரியும். அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொன்னார். 'என் தங்கச்சி என்னையே சேர்க்கலைடி, ரொம்பக் கறார்'னு. அவருக்கு அதுல ஒரே பெருமை."

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"இல்லாம இருக்குமா? இத்தனை நாள்ல உன்னை ஒரு தடவை வீட்டுக்கு வான்னு கூப்பிட்டேனா?"

துக்கத்தில் அண்ணிக்குத் தோன்றவில்லை என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அண்ணி அவள் மடியிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். "நான் தினம் சுத்திச் சுத்திப் போறேனே. அது இதுல எங்க வரும்?"

"வராது அண்ணி. கடக்கிறவங்க மட்டும்தான்."

"அப்ப பயந்தவங்க யாரும் கணக்குலயே இல்ல."

"இல்ல."

"எவ்வளவு ஆச்சு?"

வெளியாளிடம் எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது என்பது விதி. அவள் கருவியைத் திருப்பிக் காட்டினாள். எண்பத்து மூன்று.

அண்ணி திரும்பிப் போய், வாசலில் நின்றவர்களிடம் ஏதோ சொன்னாள். "இவளுக்கு என்ன கிறுக்கா?" என்று ஒருத்தி சிரித்தாள். இரண்டு பேர் வழக்கம்போலப் பாலத்தைப் பார்த்து நடந்தார்கள். மற்ற பதின்மூன்று பேரும் அண்ணியோடு மஞ்சள் கோடுகளுக்கு நடுவே வந்து நின்றார்கள்.

"வேண்டாம் அண்ணி," என்றாள் அவள்.

"நாங்க வீட்டுக்குத்தானே போறோம்? நீ உன் வேலையைப் பாரு."

கைகோத்து முதல் மூன்று வழிகளைத் தாண்டினார்கள். வேலி இடைவெளியில் ஒவ்வொருத்தியாகத்தான் நுழைய முடிந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எதிர்ப்பக்கம் ஒரு ஜோடிக் கால் ஏறும்போதெல்லாம் கட்டைவிரல் அழுந்தியது. பதின்மூன்று முறை.

அண்ணி மட்டும் வேலியருகிலேயே நின்றுவிட்டாள். ஒரு கை உடைந்த கம்பியைப் பிடித்திருந்தது. ஒரு தண்ணீர் லாரி போயிற்று. ஒரு பேருந்து போயிற்று. சாலை காலியானது, அப்போதும் அண்ணி நகரவில்லை. பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஓடவில்லை, நடந்தாள். நடைபாதையில் இரண்டு காலும் ஏறியதும் திரும்பி, வாயைத் திறந்து ஏதோ கத்தினாள். மீண்டும் கிளம்பிய வாகன இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, அன்றைக்கு அண்ணன் கத்திக் கேட்டதுதான். அவள் பொத்தானை அழுத்திவிட்டு, கருவியோடு கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினாள்.

ஆறு மணி அடிப்பதற்குள் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். தாளில் நூற்று இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருடத்தில் அதில் அவள் எதுவும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதினாள்: "சுற்றிப் போனவர்கள் இதில் சேரவில்லை. என் கண்ணில் பட்டவர்கள் இரண்டு பேர். அதற்கு முன்பு, இரண்டு வருடங்களாக ஒருவர், தினமும்."

கட்டம் போதவில்லை. கடைசிச் சொல்லை அவள் ஓரத்தில் எழுதினாள்.