எப்படிச் சொல்வது

நர்சிங் பள்ளியின் செய்முறை அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம், மாணவிகள் ஒவ்வொருத்தியாக வந்து அவளுடைய மகள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

மகள் இறந்தது நிஜம். போன வருடம். "பெட்டைக் காலி பண்ணணும், ஆம்பளைங்க யாராவது வந்திருக்காங்களா?" என்று ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நின்றபடியே ஒரு நர்ஸ் கேட்டதில்தான் அந்த அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. சாவை வீட்டாருக்கு எப்படிச் சொல்வது என்பதையும் பாடத்தில் சேர்க்க வேண்டுமென்று பள்ளியின் டீச்சர் ஒருத்தி முதல்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. "ஊசி போடவே ஒழுங்காத் தெரியல. இதுல அழுகைக்கு வேற ஒரு பீரியடா?" என்றார் முதல்வர். கடைசியில் ஒரே ஒரு வகுப்பு, நன்றாக நடந்தால் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். செய்தியைக் கேட்பவராக வகுப்பில் வந்து உட்கார, மகனையோ மகளையோ பறிகொடுத்தவர்களைத் தேடி டீச்சர் நடையாய் நடந்தாள். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சலவைக்கடையில் இஸ்திரி போடும் இந்த அம்மா மட்டும், பெட்டியைக் கீழே வைக்காமலே, "நான் வரேன். இன்னொருத்திக்கு அப்படி ஆகக்கூடாது" என்றாள்.

முதலில் வந்தவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். அடுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; பயத்தில் வரும் சிரிப்பு. "பரவால்லம்மா, திரும்பச் சொல்லு" என்றாள் அந்த அம்மா. பாடத்திட்டம் எழுதும்போது, ஒரே செய்தியை ஒரு தாய் இத்தனை தடவை கேட்க வேண்டியிருக்கும் என்று டீச்சருக்குத் தோன்றவே இல்லை.

"போதும்மா, நிறுத்திக்கலாம்."

"இருக்கட்டும் டீச்சர். பிள்ளைங்க மிச்சமிருக்காங்கல்ல."

அடுத்து வந்தவளை வகுப்பில் முணுமுணுப்பு என்பார்கள். பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அவள் நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உங்க பொண்ணு இறந்துட்டாம்மா. எங்களால காப்பாத்த முடியல."

இஸ்திரிச் சூடு பட்டுக் காய்த்த அந்தக் கை அவள் விரல்களை இறுக்கிக்கொண்டது.

"கடைசில வலிச்சுதா அவளுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பாடத்தில் பதில் இல்லை. முணுமுணுப்பு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவின் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

"தெரியலம்மா. நான் அப்போ அங்க இல்ல."

"நானும்தான் இல்ல. மருந்து வாங்கக் கீழ அனுப்புனாங்க. வரிசை நகரவே இல்ல. பக்கத்துல இருந்தவங்களோட பேசிச் சிரிச்சுக்கிட்டு நின்னேன்டி."

சொல்லி முடிக்குமுன் உடைந்து போனாள். முதல்வர் கதவருகே வந்து நின்றதை டீச்சர் கவனித்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை.

முணுமுணுப்பு, தன் மடியில் கவிழ்ந்த தலையிலிருந்து அவிழ்ந்து சரிந்த முடியை, தரையில் படாமல் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.