தாயிடம் ஒரு வார்த்தை

ஆசிரியப் பயிற்சியின் சட்ட வகுப்பில் பேராசிரியை மூன்று விஷயங்கள் சொன்னார். ஒரு பிள்ளைக்கு வீட்டில் அடி விழுகிறது என்ற சந்தேகம் வந்தாலே போதும், பிள்ளைகளைப் பாதுகாக்கிற சில்ட்ரன்ஸ் எய்டுக்கு அறிவிக்க வேண்டும். பள்ளிக்கூட அதிபரின் காதில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போக முடியாது, பார்த்தவரே அறிவிக்க வேண்டும். மூன்றாவது, உடனே அறிவிக்க வேண்டும், அதற்கு முன்னால் பெற்றோரிடம் பேசக் கூடாது. மூன்றையும் கொப்பியில் எழுதி, மூன்றாவதன் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு நேராகத்தான் இருக்கிறது.

நாற்பத்தொரு வயதில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனவள் நான். அதற்கு முன் பதினான்கு வருடம் ஸ்காபரோப் பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. ஜூஸ் பெட்டியில் ஸ்ட்ரோ குத்திக் கொடுப்பது, சப்பாத்து நாடா கட்டிவிடுவது, சண்டை பிடிக்கிறவர்களைப் பிரித்துவிடுவது. மணி அடித்ததும் ரீச்சர் வந்து வகுப்புக் கதவைச் சாத்துவார். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். ஒரு நாளாவது அந்தக் கதவை உள்ளே நின்று சாத்தவேண்டும் என்பதுதான் என் ஆசை, வேறு பெரிய இலட்சியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பாடமாக எடுத்து, இழுத்து இழுத்து டிகிரியை முடித்தேன். "பேர்ணடெற், உந்த வயசிலை உனக்கென்ன படிப்பு?" என்று கோயிலில் கேட்டார்கள். "நீங்கள் இந்த வயசிலை ரிவியிலை நாடகம் பாக்கிறேல்லையோ? அதுமாதிரித்தான்" என்று சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தேவையான இடத்தில் மட்டும் அது திறக்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் படிக்க முடிந்ததற்கு அன்ரனெற்தான் காரணம். மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டிடத்தில், எங்கள் மாடியிலேயே நாலு கதவு தள்ளி இருந்தவள். என்னைவிடப் பத்து வயது குறைவு, என்னை அக்கா என்பாள். ஸ்கூல் பஸ்ஸால் இறங்கும் என் மகனைக் கூட்டிவந்து, சோறு கொடுத்து, நான் வரும்வரை வைத்திருப்பாள். ஒன்றரை வருடம் இப்படி. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அவளுடைய கணவன் மாக்கஸ் கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவன், நல்ல குரல். ஒரே மகள் நடாஷா, ஏழு வயது.

நவம்பரில் எனக்குப் பயிற்சிக்குக் கிடைத்த வகுப்பிலேயே நடாஷா இருந்தாள், இரண்டாம் வகுப்பு. தெரிந்த பிள்ளை இருக்கிறாள் என்று நான் கல்லூரிக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை, சந்தோசம்தான் வந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் என்னை மிஸ் என்றார்கள், நடாஷா மட்டும் ரீச்சர் என்றாள். அந்த வகுப்பின் உண்மையான ஆசிரியை மிஸஸ் டொனலி, எனக்குப் பயிற்சி தருகிறவரும் புள்ளி போடுகிறவரும் அவர்தான். "அந்தப் பிள்ளை உன்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள்" என்று சிரித்தார்.

பதினான்காம் திகதி, வியாழக்கிழமை. மழை. இடைவேளையில் நடாஷா தண்ணீர்க் குழியில் விழுந்து, காற்சட்டை நனைந்து வந்தாள். அலுவலகத்தில் ஒரு மாற்றுக் காற்சட்டை எடுத்துக் கொடுத்து, நான் கழிவறைக்கு வெளியே நின்றேன். உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ரீச்சர், பட்டன் வருகுதில்லை." போனேன். காற்சட்டை நழுவி முழங்காலுக்கு இறங்கியிருந்தது. அவள் முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு தொடையின் பின்பக்கமும் மெல்லிய கோடுகள், நுனியில் வளைந்த கோடுகள். சில பழையவை, மஞ்சளாகிவிட்டன. சில அன்றைக்கோ முதல் நாளோ பட்டவை.

நான் பார்த்துவிட்டதை அவள் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"உது போன் சார்ஜர்" என்றாள். "அப்பாக்குக் கோவம் வந்தது. ஐ ஸ்பில்ட் தி மில்க்."

"எத்தினை தரம் குஞ்சு?"

விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள். ஒரு கை முடிந்து, மற்றக் கையில் பாதியில் விட்டுவிட்டாள்.

"மிஸஸ் டொனலிக்குச் சொல்லாதீங்கோ. ஷீ வில் ஃபோன் சில்ட்ரன்ஸ் எய்ட். நீங்கள் தமிழ்தானே, ஸோ இட்'ஸ் ஓகே."

பட்டனைப் போட்டுவிட்டேன். கை கழுவச் சொன்னேன். வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், கழித்தல் கணக்குப் படிப்பித்தேன். வகுப்புச் சுவரில் போன் இருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்றேன். பயந்தேன், அதுதான் உண்மை. அன்ரனெற்றின் முகம் முன்னால் வந்தது. இரண்டு கிழமையில் மிஸஸ் டொனலி எழுதப்போகும் அறிக்கையும் வந்தது. எது முதலில் வந்தது என்று என்னை இப்போது கேட்காதீர்கள்.

வீட்டில் என் கணவர் றொய்சனிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"சில்ட்ரன்ஸ் எய்ட் எண்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள். பிறகு ஆரோ ஒராளின்ரை வீட்டிலை வளரும். நாளைக்கு அன்ரனெற்றின்ரை மூஞ்சியிலை எப்பிடி முழிக்கிறது?"

"இஞ்சருங்கோ, அந்தக் காலை நீங்கள் பாக்கேல்லை."

"தாய்க்காரியோடை கதை. எங்கடை ஆக்கள்தானே. சொன்னா விளங்கும்."

அவர் கெட்டவர் இல்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் வாயால் வரட்டும் என்று பார்த்திருந்தேன். எங்கள் ஆட்களுக்குள் ஏதும் நடந்தால் முதலில் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லுவோம். அது ஒரு மரியாதை. பொலிசைக் கூப்பிடுவது பகையாளி செய்கிற வேலை. சிவப்புக் கோடு எனக்கு ஞாபகம் இருந்தது. அதை எழுதினவர்களுக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அவ்வளவு தடித்த மண்டை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அன்ரனெற் வீட்டுக்குப் போனேன். மாக்கஸ் பாட்டுப் பயிற்சிக்காகக் கோயிலிலேயே நின்றுவிட்டான். நடாஷா அறைக்குள் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டது. அன்ரனெற் கோயில் விற்பனைக்கு றோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது. மாவில் ஒட்டிய விரல்களை விரித்தபடியே இருந்தாள்.

"ஆர் அக்கா சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் கண்டனான்."

"அவள் ஏதும் சொன்னவளோ?"

"இல்லை" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை என்று அப்போதே தெரிந்தது.

பிறகு அழுதாள். வேலை போனதிலிருந்து மாக்கஸுக்குத் தலை சரியில்லை என்றாள். "மாதாவாணை அக்கா, இனி நடவாது. நான் அவரோடை கதைக்கிறன். நீங்கள் பள்ளிக்கூடத்திலை ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. என்ரை பிள்ளையைக் கொண்டுபோனா நான் உயிரோடை இருக்கமாட்டன்."

"சரி, அழாதை" என்றேன். "நீ பாத்துக்கொள்ளு, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

வெளிக்கிடும்போது சுடச்சுடப் பொரித்த றோல்ஸ் பத்துப் பன்னிரண்டைப் பெட்டியில் போட்டுத் தந்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். மாடியின் அந்த நீளமான நடைவழியில், நாலு கதவு கடந்து வரும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு பேப்பர் இல்லாமல், ஒரு பொலிஸ் இல்லாமல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேனாம். பின்னேரம் நானும் மகனும் றோல்ஸ் முழுவதையும் சாப்பிட்டு முடித்தோம்.

திங்கள் நடாஷா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. காய்ச்சல் என்று தாய் அலுவலகத்துக்குப் போன் பண்ணியிருந்தாள்.

புதன்கிழமை வந்தாள். கழுத்துவரை மூடிய சட்டை. எல்லாப் பிள்ளைகளும் கம்பளத்தில் சம்மணம் கட்டி இருக்க, அவள் மட்டும் முழங்காலில் நின்றாள். "சிட் டவுன், ஸ்வீட்டி" என்றார் மிஸஸ் டொனலி. அவள் மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்து, ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தாள். வாசிப்பு நேரத்தில் நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"என்ன குஞ்சு, சுகமோ?"

"ஐ'ம் ஃபைன், மிஸ்."

மிஸ். நான் அங்கேயே நின்றேன். அவள் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். பிறகு, தலையை நிமிர்த்தாமல், கோபம் ஒன்றும் இல்லாமல், நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"யூ டோல்ட் மை மம்."

அன்று மாலை அன்ரனெற் என் மகனை வாசலிலேயே விட்டுவிட்டாள். "இனி இவனை நீங்களே பாருங்கோ அக்கா, எனக்கு ஏலாது" என்றாள். நான் கேட்க வாயெடுக்கும்முன் திரும்பிவிட்டாள். அவளுடைய மணிக்கட்டிலும் கன்றிப்போன ஒரு நீலம் இருந்தது.

அன்றைக்காவது போனை எடுத்திருக்கலாம். எடுத்தால் முதல் கேள்வி, உனக்கு எப்போது தெரியும் என்பது. ஆறு நாள் தெரிந்தும் சும்மா இருந்தவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் வகுப்புக் கொடுக்கும்? முதல் நாள் பயந்தது அன்ரனெற்றுக்காக என்று ஒரு கதைக்குச் சொல்லலாம். இந்த இரண்டாவது பயம் முழுக்க முழுக்க எனக்காக. நாளைக்கு, நாளைக்கு என்று வெள்ளி வந்தது.

அடுத்த திங்கள் நடாஷாவின் கதிரை காலியாக இருந்தது. குடும்பம் இடம் மாறிவிட்டது, புதுப் பள்ளிக்கூடம் இன்னும் பதிவேட்டைக் கேட்கவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எங்கள் மாடியில் அன்ரனெற்றின் கதவைத் தட்டினேன். உள்ளே ஒருவரும் இல்லை. அன்ரனெற்றின் போன் இலக்கம் வேலை செய்யவில்லை. கோயிலில் மட்டும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "மாக்கஸ் ஆக்கள் விட்பிப் பக்கம் போயிட்டினமாம். அங்கை எல்லாம் புது வீடுகள். கெட்டிக்காரன்" என்று இக்னேசியஸ் அண்ணை மனம் நிறைந்து சொன்னார். நானும் தலையாட்டினேன்.

கதிரை காலியாக இருந்த அந்தத் திங்கள், பிள்ளைகள் போன பிறகு மிஸஸ் டொனலி என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நடாஷாவைப் பற்றி எனக்கு மனசு சரியில்லை. கடைசி நாள் அவள் உட்கார்ந்த விதம். இன்றைக்கு வந்ததும் கேட்போம் என்றிருந்தேன். உன்னிடம் ஏதாவது சொன்னாளா? யோசித்துச் சொல்லு."

அதுதான் எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம், அதுவும் எனக்குத் தெரிந்தது. "நோ" என்றேன். என் ஆங்கிலத்தில் ஒருநாளும் இல்லாத தெளிவோடு வந்தது அந்த ஒரு சொல். அவர் தலையை ஆட்டினார். தானே போன் பண்ணலாமா என்று யோசிப்பதாகவும், ஆனால் உட்கார்ந்த விதத்தைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை என்றும் சொன்னார். என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னார்.

அவருடைய அறிக்கை அந்தக் கிழமைக் கடைசியில் வந்தது. பயிற்சியில் தேறிவிட்டேன். 'பிள்ளைகளும் அவர்களின் குடும்பங்களும் பேர்ணடெற்றை நம்புகிறார்கள். இது படிப்பித்து வருவதில்லை' என்று எழுதியிருந்தார். றொய்சன் அதை வாய்விட்டு வாசித்தார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டிசம்பர் பதினோராம் திகதி சட்டப் பரீட்சை. ஏழாவது கேள்வி: உங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி தன் உடலிலுள்ள தழும்புகளை உங்களிடம் காட்டுகிறாள், ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறாள். நீங்கள் என்ன செய்வீர்கள்? ஏன்? பத்துப் புள்ளி.

ஒரு பக்கம் எழுதினேன். சந்தேகமே போதும். நானே அறிவிப்பேன். உடனே அறிவிப்பேன். பெற்றோரிடம் முதலில் பேசினால் பிள்ளைக்கு மேலும் அடி விழலாம், பிள்ளையை மிரட்டி வாயை மூடலாம், குடும்பம் இடம் மாறிப் போகலாம். எங்கள் வகுப்பில் இதை என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருக்கமாட்டார்கள். எழுதும்போது கை நடுங்கியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நடுங்கவில்லை. எழுத்து அழகாக வந்தது. 

தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. காருக்குள் இருந்து, கொப்பியில் எழுதிவைத்த சில்ட்ரன்ஸ் எய்ட் இலக்கத்தை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். இளம் குரல், அவசரமில்லாத குரல்.

பிள்ளையின் பெயர் கேட்டாள், சொன்னேன். வயது சொன்னேன். இப்போது எங்கே இருக்கிறாள்?

"விட்பி."

தெரு?

"தெரியாது."

பள்ளிக்கூடம்?

"தெரியாது."

என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். கோடுகளைச் சொன்னேன், சார்ஜரைச் சொன்னேன், மடித்த விரல்களைச் சொன்னேன், கம்பளத்தில் உட்கார்ந்த விதத்தையும் சொன்னேன். அவள் தட்டெழுதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதை முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்?"

போன கிழமை என்று சொல்லலாம். யாருக்குத் தெரியும்? அன்றைக்கு அந்தக் கழிவறைக்குள் நின்றவர்கள் இரண்டு பேர்தான், நானும் ஏழு வயதுப் பிள்ளையும். அந்தப் பிள்ளை இனி யாருக்கும் எதையும் சொல்லமாட்டாள், அதை நான்தான் அவளுக்குப் படிப்பித்தேன்.

"நவம்பர் பதினான்கு" என்றேன்.

தட்டெழுதும் சத்தம் நின்றது. "இன்றைக்கு டிசம்பர் பதினொன்று" என்றாள் அவள்.

"ஓம்" என்றேன், தமிழிலேயே. பிறகு "யெஸ்" என்றேன்.

சத்தம் மீண்டும் தொடங்கியது. என் முழுப்பெயரைக் கேட்டாள், எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பிள்ளைக்கு நான் என்ன முறை என்று கேட்டாள்.

"அவளுக்கு ரீச்சராக இருந்தனான்" என்று முதலில் வாய்க்குள் வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஆசிரியை ஆவதற்குப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதையும் அவள் எழுதிக்கொண்டாள்.