மைப்பை இல்லாத ஆக்டோபஸ்

பூபதி ஏரியூரில் வந்து இறங்கியபோது அப்பாவின் காரியமே முடிந்திருந்தது. ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பலில் வலை இறக்கும் வின்ச் இயந்திரத்தை இயக்குவது அவன் வேலை. நடுக்கடலில் இருந்த கப்பல் கரை திரும்பும்வரை அவனுக்கு வழியில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவன் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை.

அக்கா அம்பிகாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அப்பாவை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவள் அவள். கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். குச்சிக்கிழங்குக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள்.

"சேதி வந்தப்ப என்னடா பண்ணிட்டிருந்த?"

"ஆக்டோபஸ் பாத்துட்டிருந்தேங்க்கா."

மண்வெட்டி நின்றது. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அன்று வலையில் ஏறியது உள்ளங்கை அளவில் ஒன்று. கருஞ்சிவப்பு. தலையில் காது மாதிரி இரண்டு துடுப்பு. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் போட்டு அவன் கையில் கொடுத்தார்கள். ஆராய்ச்சி மேடம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். மேல்கடல் ஆக்டோபஸ் மையைப் பீய்ச்சிவிட்டுத் தப்பிக்கும். இதற்கு மைப்பையே கிடையாது. வெளிச்சமே போகாத ஆழத்தில் மையைக் கொட்டி யாரை ஏமாற்றுவது? அங்கே இந்தச் சிவப்பும் கறுப்பாகத்தான் தெரியும். கைகளில் உள்ள உறிஞ்சிகள் இருட்டில் நீலமாக மின்னும். பயந்தால் கைகளுக்கு நடுவிலுள்ள தோலை உப்பவைத்துக்கொள்ளும். அவர் சொல்லும்போதே அது உப்பியது, சின்னப் பூசணிக்காய் போல. அப்போதுதான் கேப்டன் பின்னால் வந்து, அப்பா தவறிவிட்டார் என்றார்.

"சரிங்க சார்னு சொன்னேன். தொட்டிய யாரோ வந்து வாங்குற வரைக்கும் அதையேதான் பாத்துட்டிருந்தேன். அப்பா மொகத்த நெனச்சா அதுதாங்க்கா வருது."

அம்பிகா வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்தி நிரம்பி வழிந்தது. அந்த ஆக்டோபஸ் பிழைத்ததா என்று கேட்டாள். இல்லை, மேலே இருக்கும் சூடு அதற்கு ஆகாது, கொஞ்ச நேரத்தில் சுருங்கிவிட்டது என்றான்.

"அன்னிக்குச் சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். சப்பாத்தி குருமா. ரெண்டாந்தடவயும் வாங்கிச் சாப்ட்டேன்."

அவள் திட்டுவாள் என்றுதான் நினைத்தான்.

"எனக்கும் பசிச்சுதுடா," என்றாள் அம்பிகா. "அப்பாவ எடுத்துட்டுப் போனதும் அப்பிடி ஒரு பசி. சமயக்கட்டுல கதவச் சாத்திட்டு, பழய சோத்த அள்ளி அள்ளித் தின்னேன். யார்கிட்டயும் சொல்லல."

அவன் தலையசைத்தான். மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி அடுத்த மடையைத் திறந்தான். இருட்டும்வரை இருவருமாகத் தண்ணீர் கட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் அவனிடம் அழுகையைப் பற்றிக் கேட்கவில்லை. லீவு முடிந்ததும் தருமபுரி பஸ்ஸில் ஏறி, கப்பலுக்கே திரும்பிப் போனான்.