நடுங்கிய பதினோராம் அத்தியாயம்

1881-இல் மாஸ்கோவில் அச்சேறிய நரம்பு நோய்ப் பாடநூலின் பதினோராம் அத்தியாயம் நடுங்கியது. மற்ற முப்பது அத்தியாயங்களும் தேமேயென்று கிடந்தன. கைகால் நடுக்கத்தைப் பற்றிய அந்த ஒன்றில் மட்டும் எழுத்துகள் பனியில் நிற்பவனின் பல்லைப்போல் வெடவெடத்தன. தாளை மூன்று முறையும் மையை இரண்டு முறையும் மாற்றிப் பார்த்தார்கள். பாதிரியாரை அழைத்துப் புனித நீர் தெளித்தார்கள். தாள் நனைந்ததுதான் மிச்சம்.

நூலை எழுதிய பேராசிரியர் அர்காதி லூக்கிச்சுக்கு மண்டை காய்ந்தது. செப்டம்பரில் வகுப்பு திறப்பதற்குள் புத்தகம் வராவிட்டால், இன்னொரு வருஷமும் பிள்ளைகள் ஜெர்மன் நூலைப் புரிந்தும் புரியாமலும் உருப்போட வேண்டும். துறைத்தலைவர் வேறு கிடைத்த சாக்கில் குத்திக்காட்டினார். "ஜெர்மன்காரன் புத்தகம் எங்கயாவது ஆடுதா, அர்காதி லூக்கிச்? நமக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

அந்த ஆத்திரமெல்லாம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் யெஃபிமின் தலையில் விடிந்தது. "காலங்காத்தால வோட்காவை ஊத்திக்கிட்டு வந்தா எழுத்து ஆடாம என்னடா பண்ணும்?" என்று எட்டு மாதம் கத்தினார். "வேலை நேரத்துல ஒரு சொட்டு தொடலைங்க ஐயா, சிலுவை மேல சத்தியம்" என்று அவனும் எட்டு மாதம் சொன்னான். அவர் காதில் வாங்கினால்தானே!

ஆகஸ்டுக் கடைசியில், பதினேழாவது திருத்தப்படியும் ஆடிக்கொண்டே வந்ததும், அதைக் கசக்கிக் கையில் பிடித்தபடி நேரே அச்சகத்துக்குப் போனார். அன்றுதான் யெஃபிமின் கையை உற்றுப் பார்த்தார். வலது மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டாகத் தொங்கியது, விரல்கள் நடுங்கின. வாயைத் திறக்கச் சொன்னார். ஈறில் ஈய நஞ்சு போட்ட கருநீலக் கோடு. இருபது வருஷம் ஈய எழுத்தை அள்ளிய கை; அதே கையால் ரொட்டி தின்ற வாய். நடுக்கத்துக்குக் குடி, முதுமை, கண்ணாடிக்குப் பாதரசம் பூசும் வேலை என்று தேடித்தேடிக் காரணம் எழுதிய மனிதர், தன் நூலைக் கோப்பவனை எழுதவில்லை. இத்தனைக்கும் படித்தது நரம்பு வைத்தியம்!

"எத்தனை நாளா இப்படி?"

"நீங்க திட்ட ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முந்தியே, ஐயா."

அர்காதி லூக்கிச்சுக்கு வெட்கத்தில் உடம்பே கூசிப்போனது. நின்ற இடத்திலேயே அச்சுத் தொழிலாளரின் ஈய நோயைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். வேறு ஆளிடம் கொடுக்கப் போனவரை யெஃபிம் விடவில்லை. "இது என் சமாச்சாரம், நானே கோக்கிறேன்" என்று பிடிவாதமாய் ஒரு பகல் முழுக்கக் கோத்தான். மறுநாள் அத்தியாயம் அடங்கியது. அந்தப் பத்தி மட்டும் அடங்கவில்லை. அவன் கையும் அடங்கவில்லை.

நூல் அப்படியே செப்டம்பரில் வந்தது. யெஃபிமுக்கு மருத்துவமனை வாசலில் காவல் வேலை கிடைத்தது. அந்தப் பத்தி இருக்கும் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம் வந்தால் மாணவர்கள் தாளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு படிப்பார்கள். நடுங்கும் கையோடு வைத்தியத்துக்கு யார் வந்தாலும், முதலில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார்கள்.