சரி சரி, வந்துடறேன்

என் வீட்டுக்காரருக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிற மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நேரமும் போன் வரலாம். அப்படிப்பட்டவர் தன் வாய்ஸ்மெயிலில் என்ன பதிவு செய்து வைத்திருந்தார் தெரியுமா?

"ஹலோ... ம், சொல்லுங்க." நீண்ட இடைவெளி. "அப்படியா?" மறுபடியும் இடைவெளி. "சரி சரி, வந்துடறேன்." அதற்கப்புறம் ஒரு பீப் சத்தம். அவ்வளவுதான்.

எங்களுடையது மோட்டார் ரிப்பேர் கடை. எப்போது வருவீர்கள் என்று நச்சரிக்கிற வாடிக்கையாளர்கள், இதைக் கேட்டால் அவரே பேசியதாக நினைத்து அடங்கிப் போவார்களாம். "ஒருத்தன்கூட மறுபடி கூப்பிடலை பாத்தியா?" என்று என்னிடமே பெருமை வேறு. கூப்பிட மாட்டான், கடைக்கே வந்து என்னைத் திட்டுவான். மாற்றித் தொலையுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியாயிற்று. காதில் வாங்கினால்தானே?

அன்று பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளத்தில் பம்ப் பார்க்கப் போயிருந்தார். அங்கே சிக்னல் கிடையாது. திரும்பி வந்ததும் போனில் ஒரு மெசேஜ் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் ஊற்றி வைத்த டீயை எடுத்தார்.

"...அப்ப சரிங்க, சீக்கிரம் கிளம்புங்க. பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம வாங்க. வச்சிடறேன்."

ஒரு பெண் குரல். பேர் இல்லை, எங்கிருந்து என்றும் இல்லை. திரையில் நம்பரும் விழவில்லை.

"யாரோ கஸ்டமர்," என்று டம்ளரை வாயருகே கொண்டு போனார்.

"கீழ வைங்க அதை!" என்று நான் போட்ட கத்தலில் பாதி டீ அவர் சட்டையில் கொட்டியது. "மோட்டார் ரிப்பேருக்கு எந்தக் கஸ்டமர் வெறும் வயித்தோட வரச் சொல்லுவான்? ஆஸ்பத்திரிங்க அது! சொல்ல வேண்டியதையெல்லாம் உங்க பீப்புக்கு முன்னாடியே சொல்லி முடிச்சுட்டாங்க!"

அவர் முகம் வெளுத்துப் போனது. மெசேஜ் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சொன்ன நேரத்துக்குள் வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள்.

கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. டாக்சியில் ஏறியதும் ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். ஊழியர்கள் வேறு அழைப்பில் இருக்கிறார்களாம், செய்தியைப் பதிவு செய்யச் சொல்லியது எந்திரம். அழுதால் ஒன்றும் புரியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் பெயர், பதிவு எண், எதற்காக வருகிறோம், எந்தப் பாலத்தில் இருக்கிறோம், வயிற்றில் ஒன்றும் இல்லை, என் நம்பர் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நம்பரை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். கடைசியாக, "வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, வந்துக்கிட்டே இருக்கோம்."

சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தும் முன்னால் நின்ற லாரி நகரவில்லை.

"குடுத்துட்டாங்கன்னா?" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"வாயை மூடுங்க." திட்டிக்கொண்டே, ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

வார்டு வாசலிலேயே நர்ஸ் நின்றிருந்தார். வாயைத் திறந்ததுமே அதே குரல் என்று தெரிந்துவிட்டது.

"வந்துடறேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அதை நம்பி உங்க வீட்டம்மாவுக்குக்கூடப் போடலை. ஆளையும் காணோம், போன் போட்டா திரும்பத் திரும்ப அதே 'சரி சரி'. அவங்க மெசேஜ் மட்டும் வரலைன்னா இந்நேரம் இவங்களை உள்ள கொண்டு போயிருப்போம்."

நர்ஸ் கண் காட்டிய பக்கம் பார்த்தேன். கட்டில் ஓரத்தில், ஆஸ்பத்திரி அங்கியும் தலையில் துணித்தொப்பியுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் கடைசித் தங்கை வயதுதான் இருக்கும். பக்கத்தில் அவள் அம்மா, மகளின் செருப்பைப் பையில் திணித்துக்கொண்டிருந்தவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

என் வீட்டுக்காரரைத் தள்ளுபடுக்கையில் ஏற்றி உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடியதும் நர்ஸ் அந்தப் பெண்ணிடம் போய்க் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"அடுத்த தடவை கண்டிப்பா கூப்பிடறோம்மா. போனை மட்டும் பக்கத்துலயே வச்சிருங்க."

அவள் தொப்பியைக் கழற்றினாள்.

"எப்பவும் கையிலயேதான் இருக்கு சிஸ்டர். இன்னைக்கும் மொத ரிங்லயே எடுத்தேனே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் அம்மா செருப்பைத் திரும்ப வெளியே எடுத்து, மகளின் காலடியில் ஒவ்வொன்றாக வைத்தார்.