வாயில் மிஞ்சிய ஒரே சொல்

எங்கள் ஊரில் பெரிய தலைவர் சபையில் அநேகமாக வாயைத் திறக்கமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசத்தான் எங்களைப் போன்ற பேச்சாளர்கள் இருக்கிறோம். தென்கடல் நடுவே எங்கள் சவாய் தீவின் இந்தக் கரையில் முப்பத்தொரு வருடம் கல்யாணம், சாவு, தேவாலயத் திறப்பு என்று எல்லாவற்றிலும் கோலை ஊன்றி நின்று பேசியவன் நான், யாகோபோ. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதைக்கூட உரக்கச் சொல்ல முடியாது.

எழுந்து பேசுவதற்கு முன்னால், இன்று யார் பேசுவது என்று பேச்சாளர்கள் உட்கார்ந்தபடியே வாதாடுவோம். உண்மையான சண்டை அதுதான். கடைசியாக ஒரு சாவு வீட்டில் லௌலுவோடு முக்கால் மணி நேரம் வாதாடினேன். லௌலு என் வயதுக்காரன், என் ஜென்ம விரோதி, என் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவன். கடைசியில், "போய்த் தொலைடா, நீயே பேசு" என்று விட்டுக்கொடுத்தான். வெற்றியோடு எழுந்தேன். வலது கை விரல்கள் தாமாக விரிந்தன. கோல் புல்லில் விழுந்தது, அதன்மேல் நான் விழுந்தேன்.

படகில் கொண்டுபோய்ச் சேர்த்த ஆப்பியா மருத்துவமனையில் டாக்டர் படத்தைக் காட்டி, ரத்தக்குழாய் அடைத்து மூளையின் இடப்பக்கத்தில் ஒரு துண்டு செத்துப்போயிற்று என்றார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது.

"உங்க பேர் என்ன?" என்றார் டாக்டர்.

"ஆமா" என்றேன்.

"வலிக்குதா?"

"ஆமா."

வலிக்கவே இல்லை. ஆனாலும் ஊசி போட்டார்கள்.

உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. வம்சவரிசை, கிண்டல், வசவு, எதுவும் குறையவில்லை. வாய்வரை வந்ததும் அத்தனையும் 'ஆமா' ஆகிவிடும். தலையாவது கைகொடுக்கும் என்றால், குறுக்கே ஆட்ட நினைத்தால் மேலும் கீழும் ஆடியது. இடது கையில் பென்சில் கொடுத்தார்கள், கோழி கிளறியதுபோல் வந்தது. என் உடம்பே எனக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்துவிட்டது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதையும் 'ஆமா' என்றுதான் கத்தினேன்.

என் மகள் லித்தியா ஆக்லாந்திலிருந்து ஓடிவந்தாள். அங்கே கோழிக்கறி அடைக்கும் ஆலையில் வேலை. ஆறு வாரம் விடுப்பு. என்னை ஊருக்குக் கூட்டிவந்தாள், ஊட்டினாள், கழுவினாள், ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை. நல்ல பெண். அதுதான் கஷ்டமே.

"அப்பா, என்கூட வந்துடுறீங்களா? அங்க பெரிய டாக்டருங்க இருக்காங்க."

"ஆமா."

"நெசமாத்தான் சொல்றீங்களா, இல்ல வாயில வர்றத சொல்றீங்களா?"

"ஆமா."

அவள் பெருமூச்சு விட்டாள். அப்போது சந்தேகம் இருந்தது அவளுக்கு. அந்தச் சந்தேகத்தைத்தான் நான் நம்பியிருந்தேன்.

நாலு வருடம் முன்பு ஆக்லாந்தில் அவள் வீட்டில் மூன்று மாதம் இருந்திருக்கிறேன். விடியுமுன் அவள் வேலைக்குப் போய்விடுவாள். எல்லாப் பக்கமும் சுவர், குளிருக்குப் பயந்து மூடிய ஜன்னல். பக்கத்து வீட்டுக்காரன் முகத்தை ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. இங்கே என் வீட்டில் தூண்கள்தான், சுவரே கிடையாது. சாலையில் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான். முற்றத்தில் என் மனைவியின் கல்லறை. காலையில் கொக்கோவை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடிப்பேன். ஒற்றைச் சொல்லோடு வாழ வேண்டியவனுக்கு, மற்றவர்கள் பேசுகிற சத்தமாவது காதில் விழவேண்டாமா?

நாலாவது வாரம், மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியது. ஊரே அடங்கியது. லித்தியா ஞானப்பாட்டை எடுத்தாள். நானும் சும்மா வாயைத் திறந்தேன். பாட்டு வந்தது! முதல் அடி, இரண்டாம் அடி, மூன்று சரணமும் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. முடிந்ததும் மனப்பாட ஜெபமும் முழுசாக வந்தது. லித்தியா என் மடியில் விழுந்து அழுதாள். என் தம்பி மகன் போதகரைக் கூட்டிவர ஓடினான்.

"கர்த்தர் நாக்க அவுத்துட்டாரு!" என்றார் போதகர்.

லித்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இப்ப சொல்லுங்கப்பா. எல்லாரும் கேக்கட்டும். என்கூட ஆக்லாந்துக்கு வர்றீங்களா?"

மாட்டேன் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் சொன்ன சொல். ஆனால் பாட்டு என்பது கயிறு இழுப்பதுபோல் முனையிலிருந்து மொத்தமாக வருவது. நடுவிலிருந்து எனக்கு வேண்டிய சொல்லைப் பிய்த்து எடுக்க முடியவில்லை.

"ஆமா" என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். பாடத் தெரிந்தவனுக்குப் பேசத் தெரியாதா என்ன? அன்றிலிருந்து என் 'ஆமா' செல்லும் காசாகிவிட்டது. கர்த்தரைத் துதித்த வாயே என்னைச் சிறைக்கு அனுப்பியது. விமானச் சீட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு மாலையும் பாடச் சொன்னார்கள். வாயை இறுக்கி மூடிப் பார்த்தேன். பாட்டு தொடங்கினால் அதுவாகத் திறந்துகொண்டது.

புறப்படும் காலையில் வாசலில் வண்டி நின்றது, படகுத்துறைக்குப் போக. பெட்டி ஏற்றியாயிற்று. ஊர்க்காரர்கள் வந்து தூண்களில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நான் என் தூணோடு உட்கார்ந்திருந்தேன். வழியனுப்புப் பேச்சு பேச லௌலு வந்தான். அவனோடு வாதாட ஆளில்லை. அதுவே அவனுக்கு எரிச்சல்.

"முப்பது வருஷமா என் உயிர வாங்கினவன், வாயத் தொறக்காமப் போறான் பாரு" என்றவன், பேச்சைத் தொடங்காமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "ஓய் யாகோபோ. நெசமாவே ஊர விட்டுப் போறேங்குறியா?"

"ஆமா."

"இங்கயே கிடந்து சாவணுமா?"

"ஆமா."

லௌலு கண்ணைச் சுருக்கினான். என் முகத்தருகே குனிந்தான். "சரி, இதுக்குச் சொல்லு. நம்ம ரெண்டு பேருல நல்லாப் பேசுறவன் யாரு? நான்தான?"

அட நாயே! தொண்டை நரம்பெல்லாம் புடைத்தது. "ஆமா!"

யாரோ சிரித்தார்கள். லௌலு சிரிக்கவில்லை. அவன் முகம் செத்துப்போயிற்று. மெல்லத் திரும்பினான்.

"லித்தியா, பெட்டிய இறக்கு."

"என்ன மாமா சொல்றீங்க?"

"இவன் கழுத்த அறுத்தாலும் அதுக்கு ஆமான்னு சொல்லமாட்டான்மா. இது இவன் பேச்சில்ல. வாயப் பாக்காத. கையப் பாரு."

என் இடது கை தூணைச் சுற்றியிருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

லித்தியா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வண்டிக்குப் போய் என் பெட்டியைத் தன் கையாலேயே இறக்கினாள். என் முன்னால் மண்டியிட்டாள்.

"ஒரு மாசமா நான் கேட்டதுக்கெல்லாம் இதானாப்பா? நான் என்ன பண்ணிட்டிருந்தேன்... என்மேல கோவமா?"

"ஆமா." இல்லை, கண்ணே, இல்லை.

அவள் துடித்துப்போனாள். உடனே சுதாரித்துக்கொண்டு, அழுகையோடு சிரித்தாள். "பாத்தீங்களா. இனி உங்ககிட்ட எதையும் கேக்கக்கூடாது."

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். படகுக்கு நேரமாகிவிட்டது. எழுந்தவள் நின்றாள். சாலையைப் பார்த்தாள், கல்லறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் வேலைய விட்டுட்டு இங்கயே உங்ககூட இருந்துடட்டுமாப்பா?"

விழுந்த நாளிலிருந்து இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அந்தச் சொல் என் வாயில் காத்திருந்ததோ என்னவோ. செத்த கை, செத்த கால், உள்ளே கிடந்த அத்தனை சொற்கள், எல்லாவற்றையும் திரட்டி அதில் வைத்தேன்.

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள், என் நெற்றியில் முத்தமிட்டாள். "தெரியும்ப்பா. எதக் கேட்டாலும் அதான்."

தூணை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். விடைகொடுக்கிறேன் என்று நினைத்து அந்தக் கையையும் முத்தமிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக மென்மையாக விலக்கினாள். அவள் ஏறிய வண்டி கிளம்பி தேவாலயத்தைத் தாண்டித் திரும்பும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.