எதிர் அறைக்காரி

வெள்ளைத்தாளில் அவள் முதலில் போடுவது ஒரு நடுக்கோடு. வீடோ, பள்ளிக்கூடமோ, பேருந்து நிலையத்துக் கழிவறையோ, எதுவானாலும் சரி. மேலிருந்து கீழே ஒரு கோடு, அதற்கு இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே. அலுவலகத்தில் அவளுக்கு நடுக்கோடு என்றே பெயர். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து, உள்ளூரப் பெருமை வேறு.

கட்டடம் என்பது சுவர் இல்லை, சுவர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் சொல்வாள். அந்த வெற்றிடத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்துவிட்டால் போதும், ஆட்கள் தாமாக வந்து அதில் பொருந்திக்கொள்வார்கள் என்பாள். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள்.

அவளுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான், தங்கை. தங்கையின் கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பாதி கடலிலேயே கழியும். அவர்களுக்கு ஒரே மகள், ஆறு வயது. ஒல்லியோ ஒல்லி, அதனால் எல்லோருக்கும் அவள் குண்டூசி. தங்கை வீடு கட்ட மனை வாங்கியதும், வரைபடம் போடும் வேலை யாருக்குப் போகும்? அக்காவை விட்டு வேறு ஆளிடம் போனால் இந்த ஜென்மத்துக்கும் பேச்சு வார்த்தை இருக்காது.

வாசலிலிருந்து பின்சுவர் வரை நேரான ஒரு நடை. அதன் இரு பக்கமும் அறைகள், ஜோடி ஜோடியாக. இடப்பக்கம் கூடம் என்றால் வலப்பக்கம் அதே அளவில் சமையலும் சாப்பாடும். கடைசியில், ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சின்ன அறைகள். இரண்டிலும் ஒரே மாதிரிக் கட்டில், ஒரே மாதிரி மேஜை, நாற்காலி, ஜன்னல்.

"இருக்கறது ஒரு குழந்தை. ரெண்டு குழந்தை ரூம் எதுக்குக்கா?" என்று தங்கை கேட்டாள். "அந்த இடத்தைச் சமையலறையில சேத்துட்டா எனக்கு உபயோகமா இருக்கும்."

"சேத்தா ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கும். விருந்தாளி வந்தா படுத்துட்டுப் போறாங்க."

"விருந்தாளி அஞ்சடிக் கட்டில்லயா படுப்பாங்க?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவளிடம் தங்கையால் என்ன பேச முடியும்? அட்டையில் வீட்டின் மாதிரி செய்தபோது, வழக்கம்போல, அதில் வாழப்போகிறவர்களின் உருவங்களைக் காகிதத்தில் வெட்டி உள்ளே ஒட்டினாள். வலப்பக்கத்துக் கடைசி அறை காலியாக நின்றது அவள் கண்ணை உறுத்தியது. இன்னொரு குண்டூசியை வெட்டி அங்கேயும் ஒட்டினாள். இப்போது சரியாக இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குடிபோய் நான்காவது மாதம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, இவ சாப்பாட்டுல பாதியை மீதி வைக்கிறா. கேட்டா அவளுக்குங்கறா. ஒரு கலர் பென்சில் வாங்கிக் கொடுத்தாக்கூட நடுவுல ஒடிச்சு எதிர் ரூம்ல வைக்கிறா. டாக்டர் ஒண்ணும் இல்லைங்கறார். ஆனா எடை இறங்கிட்டே போகுது. எனக்குப் பயமா இருக்கு. நீ ஒரு தடவை வா."

அவள் போனபோது மத்தியான நேரம். நல்ல வெயில், இரண்டு ஜன்னல்களிலும் ஒரே அளவு வெளிச்சம். நடையின் நடுவில் நின்று பார்த்தாள். இடப்பக்க அறையில் குண்டூசி நாற்காலியைச் சற்றுக் கோணலாகப் போட்டு உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். வலப்பக்க அறையில் யாரும் இல்லை. ஆனால் அங்கேயும் நாற்காலி அதே கோணலில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. கட்டிலின் விரிப்பு இரண்டு அறையிலும் ஒரே இடத்தில் கசங்கியிருந்தது.

குழந்தை விளையாட்டு என்று எண்ணிக்கொண்டே அவள் உள்ளே போய், காலி நாற்காலியை மேஜையோடு சேர்த்துத் தள்ளினாள். முதுகுக்குப் பின்னால் தரையில் மரம் உரசும் சத்தம் கேட்டது. திரும்பினாள். எதிர் அறையில் குண்டூசியின் நாற்காலி மேஜையோடு ஒட்டியிருந்தது. இடையில் மாட்டிக்கொண்ட குழந்தை மூச்சு முட்டிச் சிணுங்கியது.

பதறி ஓடி நாற்காலியை இழுத்தாள். அது அசையவில்லை. ஒரு கணம் தயங்கிவிட்டு எதிர் அறைக்கு ஓடி, அந்தக் காலி நாற்காலியை இழுத்தாள். குழந்தை விடுபட்டது.

"அவளைத் தள்ளாதீங்க பெரியம்மா," என்றாள் குண்டூசி, விலாவைத் தடவிக்கொண்டே. "கோவிச்சுக்குவா."

"யாரு கண்ணு?"

"எதிர் ரூம்காரி. நீங்கதானே அவளுக்கு இடம் போட்டுக் கொடுத்தீங்க. எல்லாத்தையும் சமமாப் பிரிச்சுக்கணும்னு சொல்றா. பாதி வந்துட்டாளாம்."

அக்கா குழந்தையைத் தூக்கினாள். ஆறு வயதுப் பிள்ளை அவ்வளவு லேசாக இருக்கக்கூடாது. பயத்தைவிட, இது தன் கையால் நடந்தது என்ற எண்ணம்தான் அவளைக் குத்தியது. அன்று மாலையே தங்கையையும் குழந்தையையும் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

தீர்வு அவளுக்குப் புலப்படாமல் இல்லை. சமம் என்பதால்தானே அது வந்தது? சமத்தைக் கெடுத்துவிட்டால் போகும். எதிர் அறையை இடித்துத் திறந்தவெளியாக விட்டுவிட வேண்டியதுதான். இரண்டு பக்கமும் கோடு தெரியும் டிரேசிங் தாளை விரித்து வீட்டை மறுபடி வரைந்தாள். வலப்பக்கக் கடைசி அறையின் சுவர்கள்மேல் சிவப்பில் கோடு போட்டாள். போடும்போது அழுதாள் என்றால் நம்ப வேண்டும். குழந்தைக்காக அழுதாளா, வரைபடத்துக்காகவா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. தாளில் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. வரைபடத்தில் எழுதுவது சுவரில் கிறுக்குவது மாதிரி என்பது அவள் கொள்கை.

மேஸ்திரிக்குத் தாளை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் சொன்னாள்: "சிவப்புக் கோடு போட்ட ரூமை எடுத்துடுங்க. ரெண்டு சின்ன ரூம் சாமானையும் ஏற்கெனவே கூடத்துக்கு மாத்தியாச்சு."

"நல்ல ரூமை ஏம்மா இடிக்கணும்?"

"இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்கறாங்க மேஸ்திரி."

யாரோ உறவுக்காரர் வந்து ஒட்டிக்கொண்டதாக நினைத்து மேஸ்திரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தான் கட்டியதைத் தானே இடிப்பதைப் பார்க்க மனமில்லாமல் அந்தப் பக்கமே போகவுமில்லை.

ஐந்தாம் நாள்தான் போனாள். வாசலில் காலை வைத்ததும் நடையின் கடைசியில் வானம் தெரிந்தது, இடப்பக்கம்.

சரியாகத்தான் பார்க்கிறோமா என்று வெளியே வந்து, மறுபடி உள்ளே போனாள். குண்டூசியின் அறை இருந்த இடத்தில் செங்கல் தூளும் வெயிலும் கிடந்தன. எதிர் அறை ஒரு கீறல் இல்லாமல் நின்றது. நடைச் சுவரில் டிரேசிங் தாள் ஒட்டப்பட்டிருந்தது. மையால் வரைந்த பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு, வழவழப்பான முதுகு வெளியே தெரிய.

"தாளைத் திருப்பி ஒட்டியிருக்கீங்க," என்றாள்.

மேஸ்திரி அருகே வந்து பார்த்தார். முகம் சுண்டியது. "வேற வீடா இருந்தா தாளைத் திருப்பினா வாசலே பொருந்தாதும்மா, உடனே தெரிஞ்சுபோயிருக்கும். இது எப்படி வெச்சாலும் பொருந்துது. நான் என்ன பண்ணுவேன்?"

அவர் மேல் தப்பில்லை. அது அவளுக்குத் தெரியும். "சுவர் எப்ப விழுந்துச்சு?"

"நேத்து. மத்தியானம் சாப்பிட்டு வந்து, ரெண்டு மணிக்கு."

வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. கதவைத் திறந்தால் குண்டூசி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் சதை தெரிந்தது. அக்காவுக்கு உயிர் வந்தது. ஒன்றும் ஆகவில்லை, எந்த அறையை இடித்தாலும் சமம் கெட்டது கெட்டதுதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நேத்து ரெண்டு மணியிலேர்ந்து பசி பசின்னு சாப்பிடறா," என்றாள் தங்கை. அவள் குரலில் சந்தோஷம் இல்லை. குழந்தையைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துவிட்டு, அக்காவைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவை ஒருக்களித்தாள்.

"எந்த ரூமை இடிச்சே?"

அக்கா கதவிடுக்கு வழியாகக் குழந்தையைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலைல தலை வாரினேன். உச்சியில அவளுக்கு ஒரு சுழி உண்டு. வலப்பக்கமா சுத்தும். பொறந்த அன்னிக்கே விரலால தடவிப் பாத்த சுழி அது. இன்னிக்கு இடப்பக்கமா சுத்துது. ஆறு வருஷமா சீப்பு பிடிச்ச கை இது, எனக்குத் தெரியாதா?"

"அந்த வீட்டைக் கையால வரைஞ்ச எனக்கே தெரியாம..." என்று ஆரம்பித்து அக்கா நிறுத்தினாள். மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. அதை எடுக்கவே அவளுக்குக் கூசியது.

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் வலித்தது. "நான் உன்னைத் திட்டலை. இவளையும் நான் விரட்ட மாட்டேன், அம்மான்னு கூப்பிடறா. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். அந்த ரூமைத் திரும்பக் கட்டிடு. இருந்தது இருந்தபடி, ஒரு நூல் மாறாம. என் பொண்ணுக்கு இடம் வேணும்க்கா. இடம் இருந்தா வருவா இல்ல?"

"வருவா," என்றாள் அக்கா. அப்படிச் சொல்லும்போது அதை முழுதாக நம்பினாள். "நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்."

ஒருக்களித்த கதவு அகலத் திறந்தது. குழந்தை தட்டோடு நின்றிருந்தது. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

"வேண்டாம் பெரியம்மா," என்றது. "இப்பதான் தாராளமா இருக்கு."

பிறகு காலித் தட்டை அம்மாவிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னது.